முதல் ஸ்கூபா ரெகுலேட்டர்: சொந்தமா வாங்கலாமா, வாடகையே போதுமா?



வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனவங்ககிட்ட இப்போ ஒரு விஷயம் அடிக்கடி பார்க்கிறேன். அந்தமானுக்கு டூர் போறாங்க. ஹேவ்லாக்கில் நாலு நாள் தங்கி ஓபன் வாட்டர் கோர்ஸ் முடிக்கிறாங்க. சான்றிதழ் கைக்கு வந்ததும் அடுத்த கேள்வி, "சொந்தமா ஒரு செட் வாங்கிடலாமா?" அது போனஸ் வந்த மாசமா இருந்தா, சொல்லவே வேண்டாம்!

அந்த செட்டில் உங்க பட்ஜெட்டையும் உங்க உயிரையும் ஒரே நேரத்தில் தொடும் பொருள் ரெகுலேட்டர். அதனால் இதுக்குக் கணக்கையும் பார்க்கணும், கருவியையும் புரிஞ்சுக்கணும். ரெண்டையும் பார்த்துடலாம்.

ரெகுலேட்டர் என்ன செய்யுது?

நிரப்பிய சிலிண்டரில் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் இருக்கும். அதை நேரா சுவாசிக்க முடியாது. சிலிண்டர் வால்வில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், அந்த அழுத்தத்தைச் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்தைவிட சுமார் 10 பார் மட்டும் அதிகமாக இருக்கும்படி குறைக்கிறது. வாயில் வைக்கும் செகண்ட் ஸ்டேஜ், நீங்க மூச்சு இழுக்கும்போது மட்டும் அந்த ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைத் தருகிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சுமார் ஒரு பார் கூடும். 18 மீட்டரில் மொத்தம் 2.8 பார். 1943-ல் பிரான்ஸில் ஜாக் கூஸ்டோவும் எமில் கக்னானும் உருவாக்கிய கருவியின் அடிப்படை வேலை இன்றைக்கும் இதுதான்.

முதலில் கணக்கு

இவை உதாரண எண்கள்தான். உங்களுக்குக் கிடைத்த கொட்டேஷனைப் போட்டு மாத்திக்கோங்க.

- முழு செட் விலை (ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், செகண்ட் ஸ்டேஜ், ஆக்டோபஸ், கேஜ்): ₹45,000
- 5 வருஷத்தில் 4 சர்வீஸ், ஒன்றுக்கு ₹5,000: ₹20,000
- அந்த ₹45,000-ஐ 7 சதவீத எஃப்டியில் போட்டிருந்தால் 5 வருஷத்தில் கிடைத்திருக்கும் வட்டி: சுமார் ₹18,000
- கடைசியில் விற்றால் கிடைப்பது: ₹15,000

மொத்தத்தில் உங்க உண்மையான செலவு ₹68,000. வாடகை ஒரு நாளைக்கு ₹500 என்று வைத்துக்கொண்டால், 136 நாள் டைவ் செய்தால்தான் போட்ட காசு எடுபடும். அதாவது வருஷத்துக்கு 27 நாள். வருஷம் ஒரு ட்ரிப், அதில் 5 நாள் டைவ் செய்பவருக்கு 5 வருஷ வாடகையே ₹12,500-தான் ஆகும்.

இன்னொரு விஷயம். பல டைவ் சென்டர்களில் டைவ் கட்டணத்திலேயே உபகரண வாடகையும் சேர்ந்திருக்கும். "என் ரெகுலேட்டரைக் கொண்டு வந்தால் எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேளுங்க. பதில் "ஒண்ணும் குறையாது" என்றால், உங்க மிச்சம் பூஜ்யம்.

"பாதுகாப்புக்காக வாங்குறேன் சார்"

இந்த வாதத்தில் நியாயம் இருக்கு. சொந்தக் கருவி என்றால் எப்போ சர்வீஸ் ஆச்சு, யார் வாயில் இருந்தது எல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் வருஷத்துக்கு 5 நாள் மட்டும் பயன்படுத்துபவர் ₹5,000 சர்வீஸைத்தான் முதலில் தள்ளிப் போடுவார். "அஞ்சு நாள்தானே யூஸ் பண்ணோம்" என்று தோணும். பயன்படுத்தாமல் அலமாரியில் கிடந்தாலும் உள்ளே உப்பு படியும், ஓ-ரிங் காயும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் சர்வீஸுக்கு டைவ் எண்ணிக்கையோடு காலத்தையும் சேர்த்துச் சொல்றாங்க. பொதுவா வருஷத்துக்கு ஒருமுறை அல்லது 100 டைவ், எது முதலில் வருதோ அது. சில மாடல்களுக்கு 2 வருஷம்.

சர்வீஸ் செய்யாத சொந்த ரெகுலேட்டரைவிட, ஒழுங்கா சர்வீஸ் செய்த வாடகை ரெகுலேட்டர் எவ்வளவோ மேல். வாடகைக்கு எடுக்கும்போதும் கடைசி சர்வீஸ் தேதியைக் கேளுங்க. சொல்லத் தயங்கும் சென்டராக இருந்தால் வேறு சென்டர் பாருங்க.

வாடகைதான் என்று முடிவெடுத்தவங்க முதலில் முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் மாஸ்க் ஒன்றும், சொந்தமா ஒரு மவுத்பீஸும் வாங்குங்க. கண்ணாடி போடுறவங்களுக்குப் பவர் லென்ஸ் மாஸ்க் கிடைக்கும். அடுத்தது டைவ் கம்ப்யூட்டர். ரெகுலேட்டர் அதுக்கு அப்புறம்தான்.

அப்போ யார் வாங்கலாம்?

சென்னை, புதுச்சேரி பக்கம் இருந்து சீசனில் வார இறுதி தோறும் கடலுக்குப் போறவங்க, டைவ்மாஸ்டர் ஆகப் பயிற்சி எடுக்கிறவங்க தாராளமா வாங்கலாம். வாங்கும்போது இந்த ஐந்தையும் பாருங்க.

1. சர்வீஸ் எங்கே? அந்த பிராண்டுக்கு அங்கீகாரம் பெற்ற டெக்னீஷியன் நீங்க போய்வரும் தூரத்தில் இருக்காரா, சர்வீஸ் கிட் இந்தியாவில் கிடைக்குமா? இதுக்குப் பதில் இல்லை என்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

2. யோக்கா, டின்னா? யோக் வால்வைச் சுற்றி இறுக்கும் கிளாம்ப். டின் வால்வுக்குள் திருகுவது. யோக் 232 பார் வரைதான். டின்னில் 300 பார் வகையும் உண்டு. நீங்க வழக்கமா போகும் சென்டரின் சிலிண்டருக்கு எது பொருந்துமோ அதை எடுங்க. டின் வாங்கினால் யோக் அடாப்டர் போட்டுக்கலாம்.

3. பேலன்ஸ்டா, அன்பேலன்ஸ்டா? அன்பேலன்ஸ்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் சிலிண்டர் காலியாக ஆக மூச்சு இழுக்கக் கொஞ்சம் கூடுதல் பலம் வேணும். ஆனால் அமைப்பு எளிமை, விலையும் குறைவு. ஸ்கூபாப்ரோ எம்கே2 இந்த வகை. 18 மீட்டருக்குள் இருக்கிறவங்களுக்கு இது போதும். 30 மீட்டருக்கு அடிக்கடி போவீங்க என்றால் பேலன்ஸ்டு எடுங்க.

4. கோல்ட் வாட்டர் மாடல் வேணுமா? இந்த ரேட்டிங் 10 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீருக்கானது. அந்தமான் கடல் 27, 28 டிகிரி. அதுக்காகத் தனியா காசு கொடுக்க வேண்டாம்.

5. விலையில் என்னென்ன சேரும்? விளம்பரத்தில் காட்டும் விலையில் ஆக்டோபஸ், கேஜ், ஹோஸ் எல்லாம் இருக்கா என்று பாருங்க. பல சமயம் இருக்காது.

செகண்ட் ஹேண்ட் என்றால் சர்வீஸ் பில் கேளுங்க. பிறகு ஒரு சின்ன சோதனை. சிலிண்டரில் மாட்டாமல், ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் மூடியை இறுக்கமாகப் போட்டுவிட்டு செகண்ட் ஸ்டேஜில் மெதுவா உறிஞ்சுங்க. காற்று வரக் கூடாது. வந்தால் எங்கேயோ கசிவு இருக்கு. இந்தச் சோதனையில் தேறினாலும் முழு சர்வீஸ் செய்யாமல் தண்ணீரில் இறக்காதீங்க. அந்த சர்வீஸ் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்க.

பணம் கட்டும் முன்

"நோ காஸ்ட் இஎம்ஐ" என்றாலும் வட்டிக்கு ஜிஎஸ்டி, ப்ராசஸிங் கட்டணம் வரலாம். வெளிநாட்டு தளத்தில் கார்டு போட்டால் 3.5 சதவீதம் வரை மார்க்கப், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, இறக்குமதி வரி எல்லாம் உண்டு. வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்க. சம்பளக்காரர்களுக்கு இதில் வரிச் சலுகை எதுவும் இல்லை. சொந்த உபயோகப் பொருள் என்பதால் நஷ்டத்தில் விற்றாலும் மூலதன நஷ்டமாகக் காட்ட முடியாது.

இன்சூரன்ஸை மறக்காதீங்க

ஹெல்த் பாலிசிகளில் ஐஆர்டிஏஐ வகுத்த பொதுவான விலக்கு ஒன்று இருக்கு. சாகச விளையாட்டுகளில் தொழில்முறையாக ஈடுபட்டு வரும் சிகிச்சைச் செலவு கிடையாது என்பது அது. அதில் ஸ்கூபா டைவிங் பெயரோடு இருக்கு. "தொழில்முறையாக" என்ற சொல்தான் முக்கியம். பொழுதுபோக்குக்கு டைவ் செய்பவர் இதில் வரமாட்டார், டைவ்மாஸ்டராகச் சம்பளம் வாங்கினால் வருவார். தனிநபர் விபத்து, பயண பாலிசிகளில் விலக்கு இன்னும் அகலமாக இருக்கலாம். உங்க பாலிசியை எடுத்து ஒருமுறை படிங்க. டேர்ம் இன்சூரன்ஸ் விண்ணப்பத்தில் ஆபத்தான பொழுதுபோக்கு பற்றிக் கேட்டால் மறைக்காதீங்க. முதல் 3 வருஷத்துக்குள் க்ளெய்ம் வந்தால் நிறுவனம் அதைக் கேள்வி கேட்கலாம், பதில் சொல்ல வேண்டியது உங்க குடும்பம். அடிக்கடி டைவ் செய்பவர்கள் டான் அமைப்பின் டைவிங் விபத்துக் காப்பீட்டையும் பாருங்க.

கடைசியா ஒரு வேலை. போன வருஷம் எத்தனை நாள் டைவ் செய்தீங்க என்று உங்க லாக் புக்கில் எண்ணுங்க. அடுத்த வருஷம் போகப் போவதாக நினைக்கும் நாட்களை எண்ண வேண்டாம். மேலே உள்ள கணக்கில் அந்த எண்ணைப் போட்டால் உங்களுக்கான பதில் கிடைச்சிடும். அடுத்த வீடியோவில் சந்திப்போம்.