சீட்டில் வந்த சந்தேகம்

ரத்தம் கொடுத்தோம். சீட்டு வந்தது. சீட்டில் 'ஹெர்பிஸ்' என்று இருக்கிறது. ஆனால் உடம்பில் புண் இல்லை. வலி இல்லை. டாக்டரைக் கேட்டால், "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்கிறார். இன்னொரு முறை சோதிப்பதா? அப்படியே விட்டுவிடுவதா?

வெளியே கேட்க வெட்கப்படும் கேள்வி இது. அதனால்தான் இங்கே பேசுகிறோம்.

ஹெர்பிஸ் ஒரு வைரஸ் கிருமியால் வருகிறது. அதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பெரும்பாலும் வாயைச் சுற்றி வரும். காய்ச்சல் வந்தால் சிலருக்கு உதட்டோரம் கொப்புளம் கிளம்பிப் புண்ணாகுமே, அதுதான். இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்பில் வரும். உடலுறவால் பரவும். முதல் வகையும் சில சமயம் பிறப்புறுப்பில் வருவதுண்டு. சீட்டில் 'ஹெர்பிஸ் ஜோஸ்டர்' என்று இருந்தால் அது வேறு. நாம் அக்கி என்கிறோமே, அது. சின்னம்மைக் கிருமியால் வருவது. பால்வினை நோய் அல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் கொஞ்சமல்ல.

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டுக்கு ஒரு கணக்குச் சொல்கிறது. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு 64 பேருக்கு முதல் வகைக் கிருமி இருக்கிறது. 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 13 பேருக்கு இரண்டாம் வகை இருக்கிறது. அவர்களில் பலருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது.

சூரத் நகரில் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு ஜவுளி ஆலையில் வேலை. அவளுக்கு இரண்டாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. தனியார் டாக்டர் 'டார்ச்' என்ற ரத்தச் சோதனை எழுதிக் கொடுத்தார். கரு கலைந்த பெண்களுக்கு இதை எழுதுவது நம் நாட்டில் பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. பல கிருமிகளை ஒரே சோதனையில் பார்க்கிறார்கள். ஹெர்பிஸும் அதில் ஒன்று. சீட்டில் 'ஹெர்பிஸ் ஐ.ஜி.எம். பாசிடிவ்' என்று வந்தது.

அது பால்வினை நோய் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கணவர் பேச்சை நிறுத்திவிட்டார். "இது எங்கேயிருந்து வந்தது?" என்று மாமியார் கேட்டார். அவளுக்கோ கணவர் மேல் சந்தேகம். கரு கலைந்த துக்கத்தை அழுது தீர்க்கக்கூட அந்த வீட்டில் இடமில்லாமல் போயிற்று.

அரசு மருத்துவமனைக்குப் போனாள். அங்கே ஒரு பெண் டாக்டர் சீட்டைப் பார்த்தார்.

"உனக்கு எப்போதாவது கீழே கொப்புளம், புண் வந்திருக்கிறதாம்மா?"

"இல்லைங்க டாக்டர்."

"உன் வீட்டுக்காரருக்கு?"

"அவருக்கும் இல்லைங்க."

"அப்படியென்றால் இந்த ஒரு வரியை வைத்து எதையும் முடிவு செய்யாதே. வீட்டிலும் சொல்."

ஏன் அப்படிச் சொன்னார்? கிருமி உள்ளே வந்தால் அதை எதிர்க்க நம் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கும். ரத்தச் சோதனை தேடுவது அதைத்தான். கிருமியை அல்ல. எதிர்ப்பொருளில் ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. என்று வகைகள் உண்டு. ஹெர்பிஸ் விஷயத்தில் ஐ.ஜி.எம். நம்பத் தகுந்தது அல்ல. கிருமி எந்த வகை என்று அது பிரித்துச் சொல்லாது. கிருமி இல்லாதவருக்கும் 'பாசிடிவ்' காட்டும். அதே சோதனையை மறுபடி செய்தால் காசுதான் போகும்.

அந்தக் கரு கலைந்ததற்கும் இந்தச் சீட்டு காரணம் சொல்லாது. தொடக்க மாதங்களில் கரு கலையப் பெரும்பாலும் கருவின் வளர்ச்சியில் ஏற்படும் குறையே காரணம்.

மறுபடி சோதிக்கத்தான் வேண்டுமென்றால், இரண்டு வகையையும் தனித்தனியாகக் காட்டும் ஐ.ஜி.ஜி. சோதனையைக் கேளுங்கள். சில இடங்களில் '1+2' என்று இரண்டையும் சேர்த்தே பார்ப்பார்கள். அதில் 'பாசிடிவ்' வந்தால் ஒன்றும் புரியாது. சிறு வயதில், பெரியவர்கள் கொஞ்சி முத்தம் கொடுத்ததில் ஒட்டிய முதல் வகையாகவும் அது இருக்கலாம்.

தனித்தனிச் சோதனையிலும் 'பாசிடிவ்' என்ற சொல்லோடு நின்றுவிடக் கூடாது. பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அதைப் பாருங்கள். பல சோதனைகளில் 0.9க்குக் கீழே இருந்தால் இல்லை. 1.1க்கு மேலே இருந்தால் உண்டு. இடையில் இருந்தால் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் இந்த எல்லை மாறலாம். சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். இரண்டாம் வகைக்கு 1.1க்குச் சற்று மேலே, 3க்குள் எண் வந்தால் அது பல முறை தவறாகிப் போகிறது. அதனால் எண் 3க்குக் கீழே இருந்தால் வேறு முறையில் இன்னொரு சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்று அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் வெளியிட்ட வழிமுறை சொல்கிறது. புண்ணே வராதவர்கள் எல்லாரும் இந்தச் சோதனை செய்துகொள்ளத் தேவையில்லை என்றும் அதே வழிமுறை சொல்கிறது.

நாள் கணக்கும் உண்டு. கிருமி தொற்றிய சில நாளில் சோதித்தால் எதிர்ப்பொருள் இருக்காது. சீட்டில் 'இல்லை' என்று வரும். சந்தேகப்பட்ட நாளிலிருந்து 12 வாரம் கழித்துச் சோதித்தால்தான் பெரும்பாலும் சரியாக இருக்கும். முதல் சோதனையை அவசரப்பட்டுச் செய்தவர்களுக்கு மறுசோதனை தேவை.

இன்னொருவரை எடுத்துக்கொள்வோம். லாரி ஓட்டுநர். பிறப்புறுப்பில் புண் வந்தது. அரசு மருத்துவமனையில் கண்ணால் பார்த்தே மருந்து கொடுத்தார்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வகுத்த முறையில் நோய்க்குறிக்கு ஒரு நிறப் பை. ஹெர்பிஸ் புண்ணுக்குச் சிவப்புப் பை. அதில் அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் மாத்திரை, மூன்று வேளை, ஏழு நாள். புண் ஆறிவிட்டது. வந்தது ஹெர்பிஸ்தானா? ஆறியதை வைத்துச் சொல்ல முடியாது. ஹெர்பிஸ் புண் மருந்து இல்லாமலும் ஆறும். ஆனால் கிருமி நரம்பில் தங்கிவிடும். புண் மறுபடி வரலாம்.

இவருக்கு மறுசோதனை பயன்படும். புண் மறுபடி வந்தால் இரண்டு நாளுக்குள், பொருக்குத் தட்டும் முன் போக வேண்டும். களிம்பு தடவிக்கொண்டு போகக் கூடாது. புண்ணில் பஞ்சுக் குச்சியால் நீர் எடுத்து 'பி.சி.ஆர்.' சோதனை செய்வார்கள். கிருமியையே தேடுவதால் இதில் 'உண்டு' என்று வந்தால் நம்பலாம். வகையும் தெரியும். அதன்பின் ரத்தச் சோதனை தேவையில்லை. 'இல்லை' என்று வந்தால் முழுதாக நம்ப முடியாது. ஆறத் தொடங்கிய புண்ணில் கிருமி அகப்படாமல் போகலாம். புண் திரும்ப வரவே இல்லையென்றால் 12 வாரம் கழித்து ஐ.ஜி.ஜி. பார்க்கலாம். மேகப்புண், எச்.ஐ.வி. சோதனைகளையும் அவர் தள்ளிப் போடக் கூடாது. ஹெர்பிஸ் புண் வழியாக எச்.ஐ.வி. எளிதில் நுழையும்.

கர்ப்பிணிகள் மட்டும் சந்தேகத்தை மனதில் பூட்டி வைக்கக் கூடாது. கடைசி மூன்று மாதத்தில் புதிதாகத் தொற்றினால் குழந்தைக்கு ஆபத்து அதிகம். பழைய தொற்று என்றால் ஆபத்து மிகக் குறைவு. வலி எடுக்கும் நேரத்தில் புண் இருந்தால் அறுவை செய்து குழந்தையை எடுப்பார்கள். கணவருக்குப் புண் வந்தது உண்டு என்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கிருமி எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. திருமணத்துக்குப் பல ஆண்டு முன்பே வந்திருக்கலாம். கொடுத்தவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். சூரத் மாமியாரின் கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் பதில் கிடையாது.

1097 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். மாவட்ட மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கும். ஆலோசகரும் இருப்பார். போகும்போது பழைய சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். புண் வந்த தேதி, ரத்தம் கொடுத்த தேதி இரண்டையும் அதன் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.