காயம் ஆறிய பிறகும் வளரும் தழும்பு... காது குத்தும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது!

காது குத்தி மாதக்கணக்கான பிறகு, அந்த இடத்தில் உருண்டையாகச் சதை வளர்ந்திருப்பதைச் சிலரிடம் பார்த்திருப்பீர்கள். 'கம்மல் ஒத்துக்கல' என்று சொல்லிவிடுவோம். மருத்துவர்கள் இதைக் கீலாய்டு என்கிறார்கள். இது புற்றுநோய் அல்ல. காயத்தை ஆற்ற வந்த செல்கள், வேலை முடிந்தும் கிளம்ப மறுப்பதால் வருவது.

அந்தச் செல்களின் பெயர் ஃபைப்ரோபிளாஸ்ட். சாதாரண நாள்களில் சிவனே என்று இருக்கும். அடிபட்டதும் ரத்தத் தட்டணுக்கள் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தை வெளியிடும். அதுதான் இவற்றுக்கு அழைப்பு. உடனே வந்து கொலாஜனைச் சுரந்து பள்ளத்தை நிரப்பும். தசையைப் போலச் சுருங்கி, காயத்தின் ஓரங்களை இழுத்தும் மூடும். 1971-ல் ஜெனீவாவில் கபியானியும் உடனிருந்தவர்களும், பாதி தசை போலிருந்த இந்தச் செல்களை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் கண்டார்கள். மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

காயம் மூடியதும் இழுவை குறையும். இந்தச் செல்களில் பெரும்பாலானவை தாமாகவே மடிந்துவிடும்.

மடியாவிட்டால்?

கொலாஜன் சேரச் சேர திசு இறுகும். இறுகிய திசுவைச் செல்கள் இழுக்கும்போது, அதற்குள் அடைந்துகிடக்கும் டிஜிஎஃப்-பீட்டா இன்னும் விடுபடும். அது மேலும் பல செல்களை எழுப்பிவிடும். முடிவில்லாத சுற்று! தோல் எப்போதும் இழுபடும் நெஞ்சிலும் தோளிலும் கீலாய்டு அதிகம் வருவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். காது மடலில் அவ்வளவு இழுவை இல்லையே என்றால், பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. கறுத்த சருமத்தினருக்கு வாய்ப்பு கூடுதல்.

'வெட்டி எடுத்துடலாம்' என்பதுதான் பலரின் முதல் யோசனை. வெட்டுவதும் ஒரு புதுக் காயம்தானே? வெறும் அறுவை சிகிச்சையோடு விட்டால், பலருக்குத் திரும்ப வளர்கிறது. அதனால்தான் ஸ்டீராய்டு ஊசி, சிலிகான் ஷீட் என்று தொடங்குகிறார்கள். வெட்டினாலும் கூடவே ஊசியோ கதிர்வீச்சோ தருகிறார்கள். சுண்ணாம்பு வைத்துச் சுடுவது இன்னொரு காயம், அவ்வளவே. ஒருமுறை கீலாய்டு வந்தவர்கள், அடுத்து மூக்கு குத்துவதற்கோ ஆபரேஷனுக்கோ முன்பு மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

தோலில் நடந்தால் கண்ணுக்குத் தெரியும். ஐபிஎஃப் என்ற நோயில் இதே தழும்பு நுரையீரலுக்குள் படர்கிறது. விடாத வறட்டு இருமல், படியேறினால் மூச்சுவாங்குவது... 'வயசாயிடுச்சு' என்று தள்ளிப்போடுபவர்கள் அதிகம். பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் என்ற இரு மருந்துகளுக்கு 2014 அக்டோபரில் அமெரிக்கா அனுமதி தந்தது. இவை தழும்பு பரவும் வேகத்தைக் குறைக்கும். ஏற்கெனவே விழுந்த தழும்பை அழிக்காது. சீக்கிரம் கண்டுபிடிப்பது அதனால்தான் முக்கியம்.

தழும்பே விழாமல் தடுக்க முடியுமா? 2021-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு விஞ்ஞானிகள், விழித்திரை நோய்க்குத் தரப்படும் வெர்டிபோர்ஃபின் என்ற மருந்தை எலிகளின் காயத்தில் செலுத்தினார்கள். 'இழுக்கிறது' என்ற செய்தி ஃபைப்ரோபிளாஸ்ட்டின் உள்ளே போய்ச் சேராமல் அது தடுத்தது. காயம் ஆறிய இடத்தில் தழும்புக்குப் பதில் முடியும் சுரப்பிகளும் முளைத்தன! ஆனால் எலியின் தோல் தளர்வானது, நம் தோல் அப்படியல்ல. மருந்துச் சீட்டில் இதை எழுதித் தரச் சொல்லி மருத்துவரை இப்போதே நச்சரிக்க வேண்டாம்.