தலைமன்னார்: கடலும் தோட்டமும்

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர்த் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் தமிழ் மக்களுக்குக் கடல் எட்டாத் தொலைவில் உள்ளது. ஆயினும், அவர்களுள் பலருடைய முன்னோர் இந்நாட்டில் முதலிற் கால்வைத்த இடம் ஒரு மீனவர் ஊரேயாகும். மன்னார்த் தீவின் மேற்கு முனையிலுள்ள தலைமன்னாரே அவ்வூர்.

மன்னார்த் தீவு மணலும் பனையும் நிறைந்த வறண்ட நிலம். கட்டுக்கரைக்குளத்தின் நீர் பாயும் வயல்கள் எதிரேயுள்ள பெருநிலத்தில் இருக்கின்றன. எனவே, தீவினர் கடலையே வயலாகக் கொண்டனர். அக்கடலும் இரண்டு. தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே பாக்கு நீரிணை சார்ந்த கடல். சோழகம் வீசுங்காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகரை அமைதியாயிருக்கும். வாடை வீசும்போது நிலைமை மாறும். காற்றுக்கேற்பக் கரை மாறித் தொழில் செய்வது அங்குள்ளோர் கண்ட வழி. பனிக்கட்டி கிடைக்காத நாளில், விற்று மிஞ்சிய மீனை உப்பும் வெயிலும் கருவாடாக்கின. கெடாத பண்டமாதலால் கருவாடு தொலைதூரச் சந்தைகளுக்கும் சென்றது. தோட்டத்து லயங்களில் சோற்றுக்குத் துணையாக இருந்ததும் அதுவே.

1914ஆம் ஆண்டில் இவ்வூரின் வாழ்வு மாறியது. பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பல் ஓடத் தொடங்கியது. இலங்கைப் புகையிரதப் பாதையும் இறங்குதுறைவரை வந்தது. மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்ட தொழிலாளர், கடல் கடந்து இங்கே இரயிலேறினர். கேகாலைத் தோட்டங்களுக்குச் செல்வோருக்குப் பொல்காவலையும் இறம்புக்கணையும் அண்மையான நிலையங்கள். இரத்தினபுரிக்கோ, 1912இல் அங்கு எட்டிய களனிப் பள்ளத்தாக்குச் சிறுபாதை உதவியது. மீனையன்றி வேறறியாத ஊருக்குத் துறைமுக வேலையும் வணிகமும் வாய்த்தன.

வந்த வழியே பலர் திரும்பவும் நேர்ந்தது. 1964 அக்டோபரில் ஏற்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. மூட்டை முடிச்சுகளோடு தோட்டங்களை விட்டுச் சென்ற குடும்பங்கள் பலவற்றிற்குத் தலைமன்னாரே இலங்கை மண்ணின் கடைசிக் காட்சியாயிற்று.

1984இல் கப்பற் சேவை நின்றது. 1990இல் புகையிரதமும் நின்றது. அவ்வாண்டு அக்டோபரில் தீவின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். போர் 2009இல் முடிந்தபின், 2015 மார்ச்சில் இரயில் தலைமன்னாருக்கு மீண்டும் வந்தது. கப்பல் அதனுடன் வரவில்லை.

போக்குவரத்தால் வந்த பிழைப்பைப் போர் பறித்தது. எஞ்சிய மீன்பிடிக்கும் இடர் வந்துள்ளது. தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் கடலடியை வாரிச் செல்வதால், சிறுவலை மீனவர் வலையும் இழக்கின்றனர். மீன் பெருகும் இடங்களும் பாழாகின்றன. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடுத்தது. ஆனால் அப்படகுகளில் உழைப்போரும் தமிழ் மீனவரே. அவர்களுக்கும் கடலன்றி வேறு வயல் இல்லை. இரு கரையினரும் கூடி உண்டாக்கும் ஏற்பாடே அக்கடலில் மீன் நிலைக்க வழி செய்யும். அது நிலைத்தால்தான் தலைமன்னாரும் நிலைக்கும்.