இரு நகரங்கள், இரு தொலைவுகள்

திருவனந்தபுரத்திலிருந்து எர்ணாகுளம் வான்வழியில் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். சாலைவழியில் அத்தொலைவு 200 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். கடலோரச் சமவெளியில் சாலை பெரிதும் வளைவதில்லை. ஆனால், நாட்டின் வடகோடியில் உள்ள ஸ்ரீநகருக்கும் லே நகருக்கும் இடையே நிலைமை வேறு.

இவ்விரு நகரங்களும் ஏறத்தாழ 34 பாகை வட அட்சக்கோட்டில் அமைந்தவை. இவற்றுக்கு இடையே தீர்க்கக்கோட்டு வேறுபாடு ஏறத்தாழ 2.8 பாகை. நிலநடுக்கோட்டில் ஒரு பாகை 111 கிலோமீட்டர். வடக்கே செல்லச் செல்ல இது குறையும். 34 பாகையில் அது ஏறத்தாழ 92 கிலோமீட்டர் ஆகும். எனவே, வான்வழித் தொலைவு 2.8 × 92, அதாவது ஏறத்தாழ 258 கிலோமீட்டர். சாலைவழித் தொலைவோ ஏறத்தாழ 420 கிலோமீட்டர்! மலைகளைச் சுற்றியும் ஏறியும் இறங்கியும் செல்வதே இதற்குக் காரணம். 3,500 மீட்டர் உயரத்தில் சோஜிலா கணவாயும், 4,100 மீட்டருக்கு மேல் போட்டுலா கணவாயும் குறுக்கிடுகின்றன. பயணிகள் பலர் கார்கிலில் ஓர் இரவு தங்கி, மறுநாளே லேயை அடைகின்றனர்.

மணிக்கு 800 கிலோமீட்டர் விரைவில் பறந்தால் 258 கிலோமீட்டரைக் கடக்க 20 நிமிடங்கள் போதும். எனினும், பயண நேரம் முக்கால் மணி முதல் ஒரு மணி வரை ஆகிறது. ஓடுபாதையில் ஊர்ந்து செல்லவும், மேலே ஏறவும், மலைகளுக்கு இடையே கவனமாக இறங்கவும் நேரம் தேவைப்படுகிறது.

திருவனந்தபுரம் வானூர்தி நிலையம் சங்குமுகம் கடற்கரையை ஒட்டியது. லே நிலையமோ 3,250 மீட்டருக்கு மேல் உள்ளது. அங்குக் காற்று அடர்த்தி குறைந்தது. வெயில் ஏறினால் மேலும் குறையும். அடர்த்தி குறைந்தால் இறக்கைகளுக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் குறையும். பிற்பகலில் மலைக்காற்றும் வலுக்கும். ஆகவே, அங்குப் பெரும்பாலான வானூர்திகள் காலையிலேயே வந்து செல்கின்றன.

1948 மே 24 அன்று, லேயைக் காக்கும் பொருட்டு, விமானி மெஹர் சிங் தளபதி திம்மையாவுடன் டகோட்டா வானூர்தியில் அங்கு முதன்முதலாகத் தரையிறங்கினார். சோனம் நோர்பு என்னும் லடாக் பொறியாளர் உள்ளூர் மக்களின் துணையோடு அமைத்த மண் ஓடுபாதையே அன்று அவருக்கு உதவியது.

குளிர்காலத்தில் பனியால் சோஜிலா மூடப்படுகிறது. முன்னாளில் பல மாதங்கள் நீடித்த இந்நிலை, எல்லைச் சாலைகள் அமைப்பின் உழைப்பால் இன்று குறைந்துள்ளது. கணவாய்க்குக் கீழே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதையும் அமைக்கப்பட்டு வருகிறது. சாலை மூடிய நாள்களில் நோயாளிக்கும் தேர்வெழுதச் செல்லும் மாணவருக்கும் வானூர்தியே வழி. மேகம் சூழ்ந்தால் அவ்வழியும் அடைபடும். அப்போது 258 கிலோமீட்டர் என்பது கடக்க இயலாத தொலைவாகிவிடும். தொலைவை அளப்பது கிலோமீட்டர் மட்டுமன்று. நிலமும் வானிலையும் சேர்ந்தே அதனை முடிவு செய்கின்றன.

அருஞ்சொற்பொருள்
கணவாய் – மலைகளுக்கு இடைப்பட்ட வழி
தூக்குவிசை – வானூர்தியை மேலெழச் செய்யும் விசை

சிந்தித்து எழுதுக
1. லேயில் வானூர்திகள் பெரும்பாலும் காலையில் இயங்குவது ஏன்?
2. ஸ்ரீநகர் – லே சாலைத் தொலைவு வான்வழித் தொலைவைவிட எவ்வளவு மிகுதி? அதற்குக் காரணம் யாது?