நாடு என்ன, பணயப் பொருளா?

புதுவை எழுதிய புத்தகங்கள் – 6

பாரதியார் 1908-இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். நான்கு ஆண்டுகள் கழித்து, 1912-இல், ‘பாஞ்சாலி சபத’த்தின் முதல் பாகம் வெளிவந்தது. அழைப்புச் சருக்கமும் சூதாட்டச் சருக்கமும் அதில் உண்டு. மற்ற மூன்று சருக்கங்களையும் அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவை 1924-இல், அவர் மறைந்த பிறகே வந்தன.

பாஞ்சாலியைப் பாரத மாதாவாகவும், அடிமைப்பட்ட பெண்ணினத்தின் குரலாகவும் பலர் படித்திருக்கிறார்கள். இரண்டும் சரியே. ஆனால் அந்தக் காவியம் முழுக்க இன்னொரு விசாரணையும் நடக்கிறது. நல்ல அரசு எது, கெட்ட அரசு எது என்ற விசாரணை அது.

துரியோதனனைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது எளிது. ஆள நாடு இருக்கிறது, அனுபவிக்கச் செல்வம் இருக்கிறது. ஆனாலும் தருமனின் ராஜசூய வேள்வியில் மன்னர்கள் கொண்டுவந்து குவித்த பொன்னும் மணியும் பட்டும் அவன் கண்ணை உறுத்துகின்றன. பார்த்த பொருளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி மாமன் சகுனியிடம் புழுங்குகிறான். நூல் வருவதற்குச் சற்று முன்புதான், 1911 டிசம்பரில், தில்லியில் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு தர்பார் நடந்திருந்தது. சமஸ்தான மன்னர்கள் வரிசையில் வந்து வணங்கிப் போனார்கள். அன்றைய வாசகர்களுக்கு அந்தப் பட்டியலைப் படித்தபோது தில்லி நினைவுக்கு வராமல் இருந்திருக்காது.

திருதராட்டிரன் வேறு வகை. அவனை உயர்ந்த குணமுள்ளவனாக, சூதில் விருப்பமில்லாதவனாகக் காட்டியிருப்பதாக முன்னுரையிலேயே பாரதியார் சொல்லிவிடுகிறார். மகன் செய்வது தவறு என்று அவனுக்குத் தெரிகிறது. புத்தியும் சொல்லிப் பார்க்கிறான். கடைசியில் பிள்ளைப் பாசத்துக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறான். தெரிந்தும் தடுக்காத அரசன் அவன்.

ஆனால் பாரதியாரின் கோபம் முழு வேகத்தோடு பாய்வது இந்த இருவர் மேலும் அல்ல, தருமன் மேல். தருமன் நாட்டைப் பணயமாக வைக்கும் கட்டத்தில் கதையை அப்படியே நிறுத்திவிட்டுக் கவிஞரே முன்னால் வந்து பேசுகிறார். கோயில் சிலையைப் பூசாரி விற்கலாமா, வீட்டைக் காவல்காரன் சூதில் வைக்கலாமா என்ற பொருளில் சீறுகிறார். காக்கக் கொடுத்ததைத் தன் உடைமையாக நினைத்ததுதான் தருமன் செய்த குற்றம். குடிமக்களைத் தம்மைப் போன்ற மனிதர்களாக நினைக்காமல் மந்தையாகவே அரசர்கள் நினைத்துவிட்டார்கள் என்று அடுத்து வருகிறது. நீதி நூல்கள் எத்தனை இருந்தும் ஓரவஞ்சனை இல்லாத ஆட்சியை எங்கும் காணோம் என்று வருந்துகிறார்.

இதன் துணிச்சல் புதுவைக்காரர்களுக்கு நன்றாகவே புரியும். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, கூத்து நடத்தி, தீ மிதிக்கும் வட்டாரம் இது. இங்கே தருமர் சாமி. பாரதியார் குடியிருந்து, இன்று நினைவு இல்லமாக இருக்கும் வீடும் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில்தான் இருக்கிறது. அந்தத் தருமரையே அவர் கூண்டில் ஏற்றினார்.

தருமனோடு விசாரணை முடிந்துவிடவில்லை. தன்னைத் தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று பாஞ்சாலி கேட்கிறாள். தேர்ப்பாகன் அந்தக் கேள்வியைச் சுமந்து அவைக்கு வருகிறான், பதில் கிடைக்கவில்லை. பின்னர் அவையில் அவளே நேரில் கேட்கும்போது பீஷ்மர் எழுந்து சாத்திரம் பேசுகிறார். நடந்தது அநீதி என்று அவர் மனத்துக்குத் தெரியும். ஆனாலும் நூல் இடம் கொடுக்கிறது என்கிறார். ஆட்சி கெட்டால் சாத்திரமும் அதற்குத் துணைபோகும் என்று அவர் முகத்துக்கு நேரே அவள் சொல்லிவிடுகிறாள். அவளை வீதியில் இழுத்து வந்தபோது பார்த்து அழுததோடு நின்ற ஊராரையும் கவிஞர் விட்டுவைக்கவில்லை. அந்தக் கண்ணீரால் யாருக்கு என்ன பயன் என்பது அவர் கேள்வி.

சிலப்பதிகாரத்தோடு சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். கண்ணகி வழக்குரைத்ததும் பாண்டியன் தன் பிழையை உணர்ந்து அரியணையிலேயே உயிர் விடுகிறான். நீதி கேட்டு வந்தவளுக்கு அங்கே உயிரையே பதிலாகக் கொடுத்த அரசன் இருந்தான். அஸ்தினாபுரத்து அவையிலோ கேள்வி மட்டும்தான் மிஞ்சியது. விகர்ணன் ஒருவன் எழுந்து நியாயம் பேசுகிறான், அதுவும் எடுபடவில்லை.

1917-இல் ரஷ்யாவில் ஜார் மன்னன் வீழ்ந்தபோதும் பாரதியார் புதுவையில்தான் இருந்தார். ‘புதிய ருஷ்யா’ பாடலில் அந்தக் கொடுங்கோலனை இரணியனோடு ஒப்பிட்டார். இரணியனைப் பழிக்க யாரும் தயங்க மாட்டார்கள். நல்லவனான தருமனைப் பார்த்து, “இது உன்னுடையதல்ல” என்று சொல்வதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். ஆட்சியில் இருப்பவர் நல்லவர் என்பதற்காக நாம் கேட்காமல் விடும் கேள்விகள் இன்றும் எத்தனையோ உண்டு. பொது நிலமும் ஏரியும் அரசுப் பள்ளியும் யாருடைய சொத்து என்பதும் அப்படிப்பட்ட கேள்விதான்.

பாஞ்சாலியை அவையில் பார்த்த பிறகுதான் பீமன் அண்ணன் மேல் பொங்குகிறான். நாட்டைத் தொலைத்தபோது பொறுத்தோம், எங்களை அடிமையாக்கியபோதும் பொறுத்தோம் என்று அப்போது அவனே சொல்கிறான். முதல் பொறுமைதான் தவறு. நாடு பணயத்தட்டில் ஏறிய அந்த நிமிடமே தம்பிகள் எழுந்து நின்றிருந்தால், பாஞ்சாலி சபதம் செய்யவே தேவை வந்திருக்காது.

அடுத்த வாரம்: முத்தியால்பேட்டைத் தோப்பும் குயில் பாட்டும்.

(தொடரும்)