பெருஞ்சித்திரனார் கண்ட செல்வம்

நுழையும்முன்

பொருள் இன்றி உலக வாழ்க்கை நடவாது என்பதைத் தமிழ் இலக்கியம் மறைத்ததில்லை. எனினும், பொருளுடையோர் அனைவரையும் அது செல்வர் என ஏற்றுக்கொண்டதுமில்லை. அவ்வாறாயின், யார் செல்வர்? பசியின் கொடுமையைத் தம் இல்லத்திலேயே கண்ட சங்கப் புலவர் ஒருவரின் பாடல்கள் இவ்வினாவிற்கு விடை தருகின்றன.

சொல்லும் பொருளும்

பொருள், திரு, ஆக்கம், வெறுக்கை, மாடு எனச் செல்வத்தைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பல உள்ளன. ஆநிரைகள் வாழ்வின் ஆதாரமாக விளங்கியமையால், ‘மாடு’ என்னும் சொல் கால்நடையையும் செல்வத்தையும் குறித்தது. ‘பொருள்’ என்பதோ கைப்பொருளையும் சொல்லின் கருத்தையும் ஒருங்கே குறிக்கிறது.

திருவள்ளுவர் பொருளீட்டலின் இன்றியமையாமையை 76ஆம் அதிகாரத்திலும், வறுமையின் துன்பத்தை 105ஆம் அதிகாரத்திலும் கூறுகிறார். இவற்றிற்கு இடையே 101ஆம் அதிகாரமாக ‘நன்றியில் செல்வம்’ அமைந்துள்ளது. தானும் துய்க்காமல், பிறர்க்கும் வழங்காமல் குவித்துவைத்த பொருளைப் பயனற்ற செல்வம் என அது கடிகிறது. கேள்வியறிவையும் அருளையும் அவாவின்மையையும் செல்வமாகவே வள்ளுவர் போற்றுகிறார்.

வறுமையின் முகம்

எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றான புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் பாடிய பாடல்கள் பல இடம்பெற்றுள்ளன. முதிரமலைக்குத் தலைவனான குமணனை நோக்கி அவர் பாடிய 160ஆம் பாடல், ஓர் ஏழைக் குடும்பத்தின் நிலையைக் காட்டுகிறது. தாயிடம் பால் இல்லை. பசித்த சிறுவன் சோற்றுக் கலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறான். எல்லாம் வெறுங்கலங்களாக இருப்பது கண்டு அழுகிறான். தாய் புலி வருகிறது என அச்சுறுத்திப் பார்க்கிறாள். நிலவைக் காட்டியும் பார்க்கிறாள். அழுகை அடங்கவில்லை.

வறுமையைப் பெருஞ்சித்திரனார் எங்கும் பெருமைப்படுத்தவில்லை. பசித்த குழந்தைக்கு வேண்டுவது உணவே என்பதை அவர் அறிவார். ஆதலால்தான் பரிசில் வேண்டி மலைகளையும் காடுகளையும் கடந்து வள்ளல்களை நாடிச் சென்றார்.

பரிசிலை மறுத்த பெருமிதம்

இத்தகைய வறுமையிலும் அவர் சில பரிசில்களை ஏற்க மறுத்தார். அதியமான் நெடுமான் அஞ்சி ஒருமுறை அவரை நேரில் காணாமலேயே பரிசில் அனுப்பினான். தாம் பொருளைப் பெற்றுக்கொண்டு செல்லும் வணிகர் அல்லர் என்று கூறிப் புலவர் அதனை மறுத்தார். தம் தகுதியை உணர்ந்து அளிப்பது தினையளவே ஆயினும் இனியது என்றார்.

இளவெளிமான் என்பவன் சிறு பரிசில் கொடுத்தபோதும் அவர் அதனைக் கொள்ளாது நீங்கினார். பின்னர்க் குமணனிடம் சென்று யானையைப் பரிசிலாகப் பெற்றார். அதனைக் கொண்டுவந்து இளவெளிமான் ஊரின் காவல்மரத்தில் கட்டினார். இரப்போர்க்கும் ஈவோர் உண்டு என்பதை அவன் காண வேண்டும் என்பதே அவர் எண்ணம். இல்லத்தில் உணவில்லாத நிலையிலும் விலைபோகாத தன்மதிப்பு அவரது முதற்செல்வமாக இருந்தது.

பகிர்ந்தளித்த வளம்

குமணன் அளித்த பெருவளத்துடன் இல்லம் திரும்பிய புலவர் தம் மனைவியிடம் கூறுவதாக அமைந்தது 163ஆம் பாடல். பல நாள் பசித்த வீட்டில் பொருள் வந்தால், அதனை எதிர்காலத்திற்குச் சேமித்துவைக்கும் எண்ணம் எழுவது இயல்பு. பெருஞ்சித்திரனாரோ அதற்கு நேர்மாறாகப் பேசுகிறார். உன்னை விரும்புவோர்க்கும், நீ விரும்புவோர்க்கும், சுற்றத்து மகளிர்க்கும் கொடு என்கிறார். நம் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தோர்க்கும் கொடு என்கிறார்.

குறியெதிர்ப்பை என்பது, அளந்து வாங்கிய பொருளை அதே அளவில் பின்னர்த் திருப்பித் தருதல். புலவர் குடும்பம் வறுமையில் வாழ்ந்த நாள்களில் அதனைத் தாங்கி நின்றோர் அண்டை அயலார் என்பதை இச்சொல் உணர்த்துகிறது. அக்கடனைத் தீர்ப்பதோடு புலவர் அமையவில்லை. இன்னார்க்கு என்று பாராமல், தம்மையும் கேளாமல், சேர்த்துவைத்து வாழ்வோம் என்றும் கருதாமல் எல்லோர்க்கும் கொடுக்குமாறு கூறுகிறார். ஈயும் உரிமையை மனைவியிடமே முழுமையாக ஒப்படைக்கிறார். நேற்றுவரை இரந்து வாழ்ந்த குடும்பம், கொடுக்கும் குடும்பமாக உயர்கிறது.

நாடிழந்த வள்ளல்

குமணன் நாட்டைத் தம்பியிடம் இழந்து காட்டில் வாழ்ந்தபோது பெருந்தலைச் சாத்தனார் என்னும் புலவர் அவனை நாடிச் சென்றார். கொடுப்பதற்குக் குமணனிடம் பொருள் இல்லை. பரிசிலர் வெறுங்கையுடன் திரும்புவது தன் நாட்டை இழந்ததினும் கொடியது என வருந்தினான். தன் தலையையே பரிசிலாகக் கருதி வாளை எடுத்து அவரிடம் நீட்டினான். ஆட்சியும் கருவூலமும் அவனை விட்டு நீங்கிய பின்னரும் ஈகையுள்ளம் நீங்கவில்லை.

செல்வத்தின் அளவுகோல்

பெருஞ்சித்திரனார் பொருள் பெறும்முன் தன்மதிப்பைக் காத்தார், பெற்றபின் பகிர்ந்தளித்தார். குமணன் பொருளை இழந்தபின்னும் வள்ளலாகவே வாழ்ந்தான். பொருள் வருவதும் போவதும் இவர்களின் இயல்பை மாற்றவில்லை. ஒருவர் ஈட்டிய தொகையைக் கணக்கிடுதல் எளிது. அப்பொருளால் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிந்தது, அதனைப் பெறுவதற்காக அவர் எதனை இழக்க மறுத்தார் என்பவற்றையும் சேர்த்து எண்ணும்போதே அவரது செல்வத்தின் அளவு முழுமையாக விளங்கும்.