கடற்பஞ்சு: பூண்டன்று, பிராணியே

காரைநகரின் வடபால் உள்ள கசூரினாக் கடற்கரையிலே நடப்போர், அலை ஒதுக்கிய சாதாளை, சிப்பி, சோகி ஆகியவற்றைக் காண்பர். அவற்றிடையே சிற்சில வேளைகளில், துளைகள் நிறைந்த இலேசான கட்டியொன்றும் கிடக்கும். காய்ந்த பாசியென்று அதனைக் காலால் தள்ளிச் செல்வோரே பலர். ஆயின், அது பாசியுமன்று, பூண்டுமன்று. ஒருகாலத்தில் உயிரோடிருந்த ஒரு பிராணியின் உடலாகும். கடற்பஞ்சு என்பது அதன் பெயர்.

இவ்வாறு மயங்கியவர் நாம் மட்டுமல்லர். உயிரினங்களுக்கு ஒழுங்காகப் பெயர் வகுத்த லின்னேயசும் முதலில் இதனைத் தாவரங்களோடு சேர்த்து, பின்னரே விலங்குலகிற்கு மாற்றினார். 1825ஆம் ஆண்டளவில் ஸ்கொத்லாந்து நாட்டு அறிஞர் றொபேட் கிறான்ற், உயிருள்ள பஞ்சினை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினார். அதன் பெருந்துளையினின்று நீர் இடைவிடாது ஊற்றெடுத்தாற்போல் வெளிப்பட்டது. ஐயம் நீங்கிற்று.

வாயில்லா வாழ்வு

கடற்பஞ்சுக்கு வாயில்லை, வயிறில்லை, இதயமில்லை, நரம்புமில்லை. உடலெங்குமுள்ள நுண்துளைகளால் நீர் உட்புகும். உள்ளறைகளிலே கழுத்துப்பட்டி பூண்டாற்போன்ற கலங்கள் உண்டு. ஒவ்வொன்றும் சவுக்குப் போன்ற மெல்லிய இழையொன்றை வீசி நீரை இழுக்கும். அந்நீரிலுள்ள பற்றீரியா முதலிய நுண்ணிய இரையைப் பற்றிக்கொள்ளும். எஞ்சிய நீர் பெருந்துளை வழியே வெளியேறும். பத்துச் சதமமீற்றர் உயரமும் ஒரு சதமமீற்றர் அகலமும் உள்ள சிறிய பஞ்சொன்று நாளொன்றுக்கு 22 லீற்றருக்கு மேல் நீரை இறைப்பதாகக் கணித்துள்ளனர்.

இதனினும் வியப்பானது 1907ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் வில்சன் வெளியிட்ட செய்தி. அவர் பஞ்சொன்றைப் பட்டுத்துணியில் இட்டுப் பிழிந்து, அதன் கலங்களைத் தனித்தனியே பிரித்தார். அக்கலங்கள் ஊர்ந்து ஒன்றுகூடி மீண்டும் பஞ்சாக அமைந்தன!

உள்ளே இருக்கும் அடையாளம்

ஒரே இனப் பஞ்சு, நீரோட்டம் வலிய இடத்திலே தட்டையாகவும், அமைதியான இடத்திலே கிளைவிட்டும் வளரக்கூடும். ஆகவே, வடிவையும் நிறத்தையும் மட்டும் நம்பி இனம் பிரித்தல் இயலாது. பஞ்சின் உடலைத் தாங்கும் எலும்புக்கூட்டையே அறிஞர் முதன்மையாக நோக்குவர். பெரும்பாலும் அது கண்ணுக்குத் தெரியாத நுண்முட்களால் ஆனது.

சுண்ணாம்பு முட்கள் கொண்டவை ஒரு வகுப்பு. ஆறு கதிருடைய சிலிக்கா முட்களால் அமைந்து, பெரும்பாலும் ஆழ்கடலில் வாழும் கண்ணாடிப் பஞ்சுகள் மற்றொன்று. மூன்றாவதே மிகப் பெரியது; அறியப்பட்ட இனங்களுள் நூற்றுக்கு எண்பதிற்கு மேல் இதனுள் அடங்கும். சிலிக்கா முட்களோ, பஞ்சுநார் என்னும் புரதமோ, இரண்டுமோ இவற்றின் உடலைத் தாங்கும். குளிக்கப் பயன்படும் பஞ்சும் நன்னீர்ப் பஞ்சுகளும் இதனைச் சேர்ந்தவை. இவ்வகுப்பினின்று அண்மைக் காலத்திற் பிரிக்கப்பட்ட சிறு கூட்டம் நான்காவது.

முத்துச்சிப்பியும் பஞ்சும்

முள்ளை எண்ணி இனம் பிரிப்பதால் யாது பயன் என்று கேட்கலாம். அதற்கு நமது கடலே விடை கூறும். காரைநகருக்குத் தெற்கே, மன்னார்க் கடலில், 1891ஆம் ஆண்டின் பின் பல ஆண்டுகள் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. காரணம் ஆராயும்படி 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் இலங்கைக்கு அழைக்கப்பட்டார். அவர் திரட்டிய பஞ்சுகளை ஆராய்ந்த ஆதர் டெண்டி, 1905இல் வெளியிட்ட அறிக்கையில் புதிய இனங்கள் பலவற்றுக்குப் பெயரிட்டார்.

அவற்றுள் ஒன்று கிளையோனா மார்கரிற்றிபெரா. முத்துச்சிப்பியின் ஓட்டைத் துளைத்து அதனுள்ளே குடியிருக்கும் பஞ்சு இது. இக்கூட்டத்துப் பஞ்சுகள் ஓட்டை உண்பதில்லை. சுண்ணாம்பைக் கரைத்தும் சிறு சில்லுகளாகப் பெயர்த்தும் தமக்கு இருப்பிடம் அமைக்கின்றன. உணவோ நீரிலிருந்தே கிடைக்கின்றது. சிப்பி தன் வலிமையை ஓட்டைச் செப்பனிடுவதிற் செலவிட்டு மெலியும். முத்துவளம் குன்றியதற்கு இப்பஞ்சே முழுக்காரணம் என்று கொள்ளலாகாது. மணலின் பெயர்ச்சியும் சிப்பியைத் தின்னும் மீன்களும் பெரும் பகைகளே. ஆயினும் பகை இன்னது, அயல் இன்னது என்று பிரித்தறியாமல் நோய்க்குக் காரணம் காண்பது எங்ஙனம்?

பஞ்சுகளில் நன்மை செய்வனவும் உள. கரீபியன் கடற்பஞ்சொன்றில் 1950ஆம் ஆண்டளவிற் கண்ட பொருள்களின் வழியே, இரத்தப் புற்றுநோய்க்கான சைற்றரபின் என்னும் மருந்து உருவாயிற்று.

மாணவருக்கு ஒரு முயற்சி

கரையொதுங்கிய பஞ்சைக் கையுறையின்றித் தொடவேண்டாம். முட்கள் தோலில் ஏறி அரிப்பு உண்டாக்கும். ஆசிரியர் முன்னிலையில் அதன் சிறு துண்டைச் சலவை வெளிற்றும் திரவத்தில் இடுக. மென்பகுதி கரைந்து முட்கள் எஞ்சும். நீரால் நன்கு கழுவியபின் அவற்றிற் சிலவற்றின்மீது வினாகிரி விடுக. குமிழியெழுந்து கரைந்தால் சுண்ணாம்பு. கரையாவிடின் சிலிக்கா எனலாம். முட்களின் அழகை நுணுக்குக்காட்டியிற் காண்க.

மன்னார் வளைகுடா, பாக்குநீரிணை ஆகியவற்றின் இந்தியப் பகுதியில் 275 பஞ்சினங்களை 1985இல் பி. ஏ. தாமஸ் பட்டியலிட்டார். அதே கடலின் மறுகரையே நம்முடையது. காலால் தள்ளுமுன் குனிந்து நோக்கும் மாணவருக்கு இங்கே வேலை நிறைய உண்டு.